வாசகர் கேள்வி – பதில்: குதிரை கட்டி மரம் இழுப்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது?

போன இதழில் உராய்வுக்கு உதாரணம் சொல்லப் போய், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில காடுகளில் இன்றும் பெரிய இழுவைக் குதிரைகளைக் கட்டி மரக்குற்றி இழுக்கிறார்கள் என்று ஒரு பந்தி எழுதியிருந்தேன். அந்த ஒரு பந்திக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் மேசை நிறைய. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, நான் பத்தாம், பதினோராம் தரங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உங்கள் பந்தியை வகுப்பில் வாசித்தேன், அந்தப் பாடவேளை முழுக்கப் பிள்ளைகள் அதைப்பற்றியேதான் கேட்டார்கள். இதை வைத்து ஒரு செயற்றிட்டம் செய்யலாமா? எங்களிடம் குதிரையும் இல்லை, வெட்டக் காடும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
– ஆசிரியை ஒருவர், உவர்மலை

தாராளமாகச் செய்யலாம் ரீச்சர். குதிரை இல்லையே என்று யோசிக்க வேண்டாம், குதிரை இருக்கிற நாட்டிலும் பிள்ளைகளை முதல் நாளே கடிவாளம் பிடிக்க விடமாட்டார்கள். இந்தத் தொழிலில் பெரும்பகுதி, குதிரை காட்டுக்குள் கால் வைக்க முன்னமே முடிந்துவிடுகிறது. அந்தப் பகுதியை உங்கள் பள்ளிக்கூட வளவிலேயே படிப்பிக்கலாம்.

உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். பெரிய குதிரை பெரிய மரத்தை இழுக்கிற படத்தைக் காட்டிப் பாடத்தைத் தொடங்காதீர்கள். பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனால் பிள்ளைகள் 'எவ்வளவு இழுக்கும்' என்ற கேள்வியிலேயே நின்றுவிடுவார்கள். கேட்கப் பழக்க வேண்டியது வேறு கேள்வி: இழுத்து முடிந்த பிறகு அந்தக் காட்டில் என்ன மிச்சம் நிற்கிறது? நிற்கிற மரங்களின் பட்டை உரியாமல் இருக்கிறதா, கன்றுகள் நெரிபடாமல் இருக்கின்றனவா, அடுத்த மழைக்கு அந்த மண் தண்ணீரைக் குடிக்குமா இல்லை ஓடவிடுமா? வேகத்தில் குதிரை இயந்திரத்தை நெருங்கவே முடியாது, அது எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் சில காடுகளில் அதை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்றால் அது இந்த மிச்சத்துக்காகத்தான்.

ஆகவே முதல் வேலை நடந்து பார்ப்பது. வளவில் மரம் கொஞ்சம் அடர்த்தியாக நிற்கிற ஒரு மூலையில், வேம்போ வாகையோ எதுவானாலும், 20 மீற்றருக்கு 20 மீற்றர் கயிறு கட்டுங்கள். உள்ளே நிற்கிற எல்லா மரத்துக்கும் இலக்கம் போட்ட துணித்துண்டு கட்டி ஒரு வரைபடம் கீறச் சொல்லுங்கள். 'இதில் மூன்று மரத்தை எடுக்க வேண்டும், எதை எடுப்பீர்கள்?' என்று கேளுங்கள். அனேகமாக எல்லாரும் பருத்த, நேரான மரத்தைத்தான் காட்டுவார்கள். அங்கேதான் நிறுத்திப் பேச வேண்டும். அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் சஃபொக் என்ற இழுவைக் குதிரைகளை வைத்து இந்தத் தொழிலைப் பலருக்குப் பழக்கிய ஜேசன் ரட்லெஜ் என்பவர் வற்புறுத்திய முறை இதற்கு நேர்மாறானது: கோணலும், நோய்பட்டதும், மற்றதை நெருக்குவதுமான மரத்தை முதலில் எடு, நல்லதை வளரவும் விதை போடவும் விடு. ஒவ்வொரு மரமாகத் தெரிந்து ஒவ்வொரு குற்றியாக வெளியே கொண்டுவர வேண்டிய இந்த மாதிரி வேலைக்குக் குதிரை தோதானது. ஒரு பெரிய இயந்திரத்தைக் காட்டுக்குள் கொண்டுபோய் இறக்குகிற செலவுக்குப் பத்துக் கோணல் மரம் கட்டுப்படியாகாது.

பிறகு பாதை. மரத்தை எந்தப் பக்கம் விழுத்துவது என்பதிலேயே இழுவை தொடங்கிவிடுகிறது. பாதைக்குக் குறுக்கே விழுத்திவிட்டால் குற்றியைத் திருப்பி எடுக்கிறதுக்குள் சுற்றி நிற்கிற கன்றெல்லாம் நாசம். அதனால் அடிப்பக்கம் பாதையைப் பார்க்க, மீன்முள்ளு நடுமுள்ளில் போய்ச் சேருகிற மாதிரிச் சாய்வாக விழுத்துவார்கள். பாதை முடிந்தவரை நேராகவும், லேசான இறக்கமாகவும் இருக்க வேண்டும். வளைவு வந்தால் கவனம். குதிரை வளைந்து போகும், குற்றியின் முன்பக்கமும் அதோடு வளையும், வால்பக்கம் மட்டும் குறுக்கு வழி தேடி வளைவின் உட்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும், அங்கே நிற்கிற மரத்தின் பட்டை போய்விடும். இதற்குக் காட்டுக்காரர் செய்கிற உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. எப்படியும் வெட்டப்போகிற மரங்களில் ஒன்றை வளைவின் உட்புறத்தில் வெட்டாமல் விட்டுவைப்பார்கள். உரசலையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும், அதற்குப் பின்னால் நிற்கிற நல்ல மரம் தப்பும். எல்லாக் குற்றியும் போன பிறகு கடைசியாக அதை வெட்டுவார்கள். உங்கள் வரைபடத்தில் அந்த மரத்தைப் பிள்ளைகளாகவே கண்டுபிடிக்க விடுங்கள், நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். நீளமான ஒரு மூங்கிலையோ கமுகஞ் சிலாகையையோ இரண்டு பேர் அந்தப் பாதை வழியே இழுத்துப் பார்த்தால், எந்த மரத்தில் போய் முட்டுகிறது என்று தானாகத் தெரிந்துவிடும்.

அடுத்தது உராய்வு, இது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பதினைந்து கிலோ அளவில் ஒரு தென்னங்குற்றித் துண்டு எடுங்கள். ஆய்கூடத்து நியூற்றன் தராசு அதைத் தாங்காது, மீன்காரர் தூக்கிப் பிடிக்கிற கொளுக்கித் தராசு ஒன்று போதும். காய்ந்த மணலில், புல்லில், நனைந்த மண்ணில் என்று இழுத்து, நகர்த்தத் தொடங்குகிற கணத்தில் எவ்வளவு காட்டுகிறது, நகர்ந்த பிறகு எவ்வளவு காட்டுகிறது என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே குற்றியின் முன்தலையை நிலத்திலிருந்து கொஞ்சம் உயர்த்திக் கட்டி இழுக்கட்டும். பழைய சைக்கிள் சில்லு இரண்டை ஒரு அச்சில் பூட்டி, அதில் குற்றியின் தலையைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. குதிரைக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள், இரும்பு வளைவில் இரண்டு சில்லு பூட்டி அதில் குற்றியின் தலையைத் தூக்கிக் கட்டுவார்கள். இழுக்க வேண்டிய விசை குறையும், அதோடு தலை மண்ணைக் கிண்டிக்கொண்டு போவதும் நின்றுவிடும்.

இனிக் கணக்கு. குதிரை நாள் முழுக்க நிதானமாகத் தரக்கூடிய இழுவிசை அதன் நிறையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு என்று வைப்பார்கள். 800 கிலோ குதிரைக்கு அது 80 கிலோ நிறைக்குச் சமமான விசை, அதாவது 784 நியூற்றன். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் நடந்தால் வலு 784 வாற்று. ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று என்பதைப் பக்கத்தில் எழுதி, ஜேம்ஸ் வாட் அந்த அலகை ஏன் வைத்தார் என்று கேளுங்கள், நீராவி இயந்திரம் வாங்க வந்தவர்களுக்கு அது எத்தனை குதிரையின் வேலையைச் செய்யும் என்று சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. இப்போது 30 சென்ரிமீற்றர் விட்டமும் 4 மீற்றர் நீளமும் உள்ள ஒரு குற்றியை எடுப்போம். கன அளவு சுமார் 0.28 கன மீற்றர். பாலை மாதிரிக் கனத்த மரமென்றால் கன மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு தொன், ஆகவே 280 கிலோ. இழுக்க நிறையில் பாதியளவு விசை வேண்டும் என்று வைத்தால் 140 கிலோ வருகிறது, 80க்கு மேலே! அப்படியென்றால் குதிரை எப்படி இழுக்கிறது? கொஞ்சத் தூரத்துக்கு அதனால் இன்னும் கூடிய விசை தர முடியும், ஆனால் நின்று மூச்செடுக்க வேண்டும். நல்ல குதிரைக்காரர் தூரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எங்கெங்கே நிறுத்துவது என்று குற்றி கட்ட முன்னமே தீர்மானித்திருப்பார். கணக்கைப் போட்ட பிள்ளைக்கு இது புரியும்.

கொலரைப் பற்றியும் சொல்லுங்கள், அதை விட்டால் பாடம் முழுமையில்லை. வைக்கோல் திணித்த தோல் வளையம் ஒன்று குதிரையின் கழுத்தடியில், தோள்பட்டையில் உட்காரும். இழுக்கிற பாரம் தொண்டையில் விழாமல் தோளில் விழுவது இதனால்தான். சீனாவில் இது மிகப் பழையது, ஐரோப்பாவில் பத்தாம் நூற்றாண்டு அளவில்தான் பரவுகிறது. மகளிடம் ஜெர்மனி போயிருந்தபோது ஒரு காட்டோரத்தில் இந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்தேன். குற்றியோடு வந்து நின்றதும் அந்த மனிதர் முதலில் சங்கிலியைத் தளர்த்தினார். பிறகு உள்ளங்கையை விரித்து கொலரின் அடிப்பக்கத்துக்கும் குதிரையின் மூச்சுக்குழலுக்கும் நடுவே விட்டுப் பார்த்தார். விரித்த கை நெருக்கமில்லாமல் போய்வர வேண்டும், போகாவிட்டால் குதிரைக்கு மூச்சு முட்டும், தாராளமாக ஆடினால் தோல் உரசிப் புண்ணாகும். வேலை முடிந்து கொலரைக் கழற்றியவுடன் தோளில் வியர்வை படிந்திருந்த விதத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்கச் சீராக நனைந்திருந்தால் சரி. நடுவில் ஒரு இடம் மட்டும் காய்ந்து கிடந்தால் அந்த இடத்தில் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம், பார்க்காமல் விட்டால் அங்கேதான் புண் வரும். கரடுமுரடான வேலை செய்கிற ஒரு மனிதர் அவ்வளவு மென்மையாக ஒரு மிருகத்தின் தோளை வாசித்ததை நான் மறக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் தம்பலகாமத்துப் பக்கம் வண்டி மாடு வைத்திருக்கிற ஒருவரிடம் போய், நுகம் படுகிற இடத்தைத் தொட்டுப் பார்த்து, அவர் என்னென்ன கவனிக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் அதுவும் இதே பாடம்தான்.

கடைசியாக ஒரு விளையாட்டு, இதை மட்டும் செய்தாலும் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். ஒரு பிள்ளை குதிரை, கண்ணைக் கட்டி இரண்டு கையிலும் நீளக் கயிறு. பின்னால் நிற்கிற பிள்ளை கயிற்றைப் பிடித்து, வாயால் எதுவும் சொல்லாமல், மரங்களுக்கிடையில் அதை நடத்திக் கொண்டுபோக வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் ஆளை மாற்றுங்கள். கயிற்றைச் சுண்டி இழுத்தால் கண்கட்டிய பிள்ளை எப்படித் திடுக்கிடுகிறது, லேசாக இறுக்கி உடனே தளர்த்தினால் எவ்வளவு நம்பிக்கையோடு திரும்புகிறது என்று இரண்டு பக்கமும் நின்று அனுபவித்த பிறகு, மிருகத்தை அடித்து ஓட்டுவதைப் பற்றி நீங்கள் தனியாகப் புத்தி சொல்லத் தேவையில்லை. அடுத்த சுற்றில் வார்த்தையைச் சேர்க்கலாம். ஆங்கிலம் பேசுகிற நாடுகளில் 'ஜீ' என்றால் வலப்பக்கம், 'ஹா' என்றால் இடப்பக்கம், 'வோ' என்றால் நில். நில் என்ற வார்த்தைக்குக் கட்டாயம் நிற்கிற குதிரையைத்தான் காட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். செயற்றிட்டத்துக்காக ஒரு மரமும் வெட்ட வேண்டாம். பலா, ஈரப்பலா, பெண்பனை போன்றவற்றைச் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது, அதற்கு 1951ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. காற்றுக்கு விழுந்த தென்னையோ முறிந்த கிளையோ எங்கும் கிடைக்கும்.

நான் வயல்காரன். குதிரையின் குளம்பும் மண்ணை மிதித்து இறுக்கும்தானே? ட்ரக்டரைவிட அது நல்லது என்று எப்படிச் சொல்லலாம்?
– வாசகர், தம்பலகாமம்

நல்ல கேள்வி அண்ணை, இதைக் குதிரைப் பிரியர்கள் பலர் பூசி மெழுகிவிடுகிறார்கள். 800 கிலோ மிருகம் நான்கு சின்னக் குளம்பில் நிற்கிறது, நடக்கும்போது அதிலும் இரண்டோ மூன்றோதான் நிலத்தில். குளம்பு படுகிற இடத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு விழுகிற அழுத்தம், அகலமான ரயர் போட்ட இயந்திரத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே 'குதிரை மண்ணை அழுத்தாது' என்று படிப்பிப்பது பிழை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. குளம்பு விட்டு விட்டுத்தான் படும், சில்லுத் தடம்போல ஒரே கோட்டில் தொடர்ந்து அமுக்கிக்கொண்டு போகாது. மழைத் தண்ணீர் ஓடி வாய்க்காலாகிறது தொடர்ந்த தடத்தில்தான். இரண்டாவது, குதிரை போக ஒன்றரை மீற்றர் இடைவெளி காணும், பெரிய இயந்திரத்துக்கு அதில் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், அந்தப் பாதையைத் திறக்கவே எத்தனையோ மரத்தை வெட்டியாக வேண்டும். மூன்றாவது அதிர்வு. இயந்திரம் ஓடும்போது அதன் அதிர்வும் மண்ணை இறுக்கக்கூடும்.

ஜெர்மனியில் இதை ஒரு ஒழுங்காகவே செய்கிறார்கள். இயந்திரம் ஓடுகிற பாதைகளைக் காட்டுக்குள் 20 மீற்றருக்கு ஒன்று என்று போடுவது வழக்கம், சில இடங்களில் 40 மீற்றருக்கு ஒன்றுதான். 40 மீற்றர் விட்டால் நடுவில் நிற்கிற மரத்துக்கு இயந்திரத்தின் கை எட்டாது, அந்த நடுத்துண்டிலிருந்து குற்றியைப் பாதைவரை கொண்டுவந்து போடுவது குதிரை, அங்கிருந்து ஏற்றிக்கொண்டு போவது இயந்திரம். இரண்டையும் எதிரியாக வைத்துப் பேசாமல் இப்படி வேலையைப் பங்கு போட்டதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

உவர்மலை ரீச்சருக்கும் இது உதவும்: இரண்டு பக்கமும் வெட்டிய பால்மா ரின் ஒன்றை ட்ரக்டர் போன தடத்தில் ஒரு தரமும், மனிதர் நடக்கிற ஒற்றையடிப் பாதையில் ஒரு தரமும், யாரும் மிதிக்காத மரத்தடியில் ஒரு தரமும் மண்ணில் பதித்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, உறிஞ்ச எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மாரி முடிந்து மண் கொஞ்சம் ஈரமாக இருக்கும் தை, மாசியில் செய்வது நல்லது. ஆனி, ஆடியில் நம்முடைய மண் எல்லா இடத்திலும் கல்லுத்தான்.

எங்களிடம் யானையும் எருதும் இருந்ததே. குதிரையைப் பற்றி ஏன் படிக்க வேண்டும்?
– வாசகர், சம்பூர்

அவற்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் ஐயா. உங்களுக்குத் தெரிந்திருக்கும், சவண்டலை மரத்துக்கு, சிங்களத்தில் ஹல்மில்ல, ஆங்கிலத்தில் நம்முடைய ஊர்ப் பெயர்தான், 'ட்ரிங்கோமலி மரம்' என்றே மர வியாபாரிகள் சொல்வார்கள். இந்தத் துறைமுகத்திலிருந்து மதராசுக்குப் போய் அங்கே கரையோர அலைக்குள் ஓட்டுகிற மசூலாப் படகுக்கும் வண்டிக்கும் பீப்பாவுக்கும் பயன்பட்ட மரம் அது. அதைக் காட்டிலிருந்து கடற்கரைக்குக் கொண்டுவந்தது லொறி அல்ல. திருகோணமலைப் பிள்ளை ஒன்று மரம் இழுக்கிற மிருகங்களைப் பற்றிப் படிக்க இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

மூன்று மிருகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் இன்னும் நல்லாயிருக்கும். எருதுக்கு நுகம், பாரம் கழுத்தின் மேலே திமிலுக்கு முன்னால் விழுகிறது. குதிரைக்குத் திமில் இல்லை, அதனால்தான் கொலர். எருது குதிரையைவிட மெதுவாக நடக்கும், ஆனால் வைக்கோலையும் புல்லையும் தின்றே வேலை செய்யும், குதிரைக்குக் கடின வேலை நாட்களில் தானியமும் வேண்டும். யானை இழுப்பதோடு தள்ளும், உருட்டும், தும்பிக்கையால் தூக்கி அடுக்கும், ஆனால் ஒரு நாளைக்கு 150 கிலோ அளவில் பச்சைத் தீவனம் தேட வேண்டும். எந்த நாட்டில் எந்தக் காட்டுக்கு எது பொருந்தியது என்ற கேள்விக்கு விடை இந்தத் தீனிக் கணக்கிலேயே பாதி இருக்கிறது.

நெடுந்தீவில் குதிரை நிறைய நிற்கிறதாமே. அதில் இரண்டைக் கொண்டுவந்து பழக்கினால் என்ன?
– பதினொராம் தர மாணவன், மூதூர்

வேண்டாம் தம்பி. அவை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்த குதிரைகளின் வழியில் காட்டுத்தனமாகப் பெருகியவை, உருவத்தில் சின்னவை, அங்கேயே பாதுகாக்கப்பட வேண்டியவை. இழுவைக் குதிரை என்பது வேறு இனம். பிரான்சின் பெர்ஷரோன், பெல்ஜியத்தின் ஆர்டென், இங்கிலாந்தின் சஃபொக், ஸ்கொட்லாந்தின் கிளைட்ஸ்டேல் என்று தலைமுறை தலைமுறையாகப் பாரம் இழுக்கவே தெரிந்தெடுத்து வளர்த்தவை. உனக்கு நெடுந்தீவுக் குதிரையில் ஆசை இருந்தால் ஒரு விடுமுறையில் குறிகாட்டுவான் போய்ப் படகேறி, தள்ளி நின்று பார்த்துவிட்டு வா. வெயில் காலத்தில் அவை தண்ணீருக்குப் படுகிற பாட்டையும் கவனி.

மிருகத்தை இப்படி வேலை வாங்குவது பாவமில்லையா? பிள்ளைகளுக்கு இதைப் போய்ப் படிப்பிக்க வேண்டுமா?
– வாசகர், கிண்ணியா

நானா, நீங்கள் கேட்பது நியாயம். சுமைக்கு மேல் சுமை ஏற்றி, வெயிலில் நிறுத்தி, புண்ணின் மேலேயே நுகத்தை வைக்கிற வேலை கொடுமைதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் பார்க்கத் தெரியாததால்தான் பெரும்பாலான கொடுமை நடக்கிறது என்பது என் எண்ணம். அதனால் பார்க்கப் படிப்பிக்க வேண்டும்.

ஓய்வாக நிற்கிற குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 தொடக்கம் 44 தரம் துடிக்கும். வேலைக்குப் பிறகு எவ்வளவு நேரத்தில் அது பழைய நிலைக்கு இறங்குகிறது என்று பார்த்தால் பாரம் கூடிவிட்டதா என்பது தெரியும். நாளொன்றுக்குத் தன் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு காய்ந்த தீவனம் வேண்டும், 800 கிலோ குதிரைக்கு 16 கிலோ. தண்ணீர் சும்மா நிற்கிற நாளிலேயே 30, 40 லீற்றர் குடிக்கும், வேலை நாளில் இன்னும் கூட. லாடம் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும், குளம்பு நகம்போல வளர்ந்துகொண்டே இருப்பதால். இவ்வளவும் செய்ய முடியாதவர் குதிரை வைத்திருக்கக் கூடாது.

இந்தக் கனத்த குதிரைகள் குளிர் நாட்டு மிருகங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உடம்பு பெரிதாக இருப்பதால் சூடு இறங்க நேரமெடுக்கும், அங்கே மரம் இழுப்பதும் அனேகமாகக் குளிர்காலத்தில்தான். நிலம் உறைந்து கிடக்கும், பனியில் குற்றி வழுக்கிக்கொண்டு வரும், மரத்தில் சாறு ஓடாத காலமாதலால் பட்டையும் இலேசில் உரியாது, எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வருகிற பருவம். நம்முடைய ஆவணி வெயிலில் ஒரு பெர்ஷரோனைக் குற்றியில் கட்டினால் அது கொடுமை. யாராவது இங்கே கொண்டுவந்து செய்வோம் என்று கிளம்பினால் நானே முதலில் வேண்டாம் என்பேன். படிப்பதற்கும் இங்கே கொண்டுவருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

என் மகளும் அந்த வகுப்பில் படிக்கிறாள். இந்த மாதிரி வேலை ஆபத்தில்லையா?
– தாய் ஒருவர், நிலாவெளி

உண்மையான மரம் வெட்டுதல் மிக ஆபத்தான தொழில் அக்கா. அமெரிக்காவிலேயே 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை மரம் வெட்டுகிற தொழிலில் பெரும்பாலான வேலைகளுக்கு அமர்த்தச் சட்டம் விடாது. நான் ரீச்சருக்குச் சொன்னவற்றில் வாளும் இல்லை, சங்கிலி வாளும் இல்லை, மரம் விழுத்துவதும் இல்லை. தென்னங்குற்றி, கயிறு, தராசு, அவ்வளவுதான்.

அதற்கும் காட்டு ஒழுங்குகளையே வைக்கச் சொல்லுங்கள், பழகிவிட்டால் வாழ்நாளுக்கும் உதவும். இழுக்கிற கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, இதைப் பத்துத் தரம் சொல்ல வேண்டும், மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது ஏன் என்று சொல்லாமலே விளங்கும். இழுப்பவருக்கும் குற்றிக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. சரிவில் குற்றிக்குக் கீழ்ப்பக்கம் நிற்கக் கூடாது. வளைவின் உட்பக்கம் நிற்கவே கூடாது, வால்பக்கம் அங்கேதான் வந்து அடிக்கும். காலில் செருப்பு வேண்டாம், மூடிய சப்பாத்து. வண்டி மாடு பார்க்கப் போனால் பின்பக்கத்தால் சத்தமில்லாமல் கிட்டப் போகக் கூடாது. குதிரைக்குத் தலையைத் திருப்பாமலே ஏறத்தாழச் சுற்றிவரத் தெரியும், நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது, அதனால் பேசிக்கொண்டே தோள்பக்கமாகப் போவார்கள். மாட்டுக்கும் அப்படிப் போவதுதான் நல்லது.

இதெல்லாம் படித்து என்ன வேலை கிடைக்கும்?
– மாணவி, உப்புவெளி

குதிரை ஓட்டுகிற வேலை இங்கே கிடைக்காது பிள்ளை. காடு, மரம், மிருகம் என்ற மூன்றில் எது உன்னைப் பிடித்து இழுக்கிறது என்று முதலில் பார். காடு என்றால் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியலுக்கென்று ஒரு துறை இருக்கிறது, நுவரெலியாவில் இலங்கை வனவியல் நிறுவகம் இருக்கிறது. மிருகம் என்றால் பேராதனையில் கால்நடை மருத்துவ பீடம். மண்ணும் பயிரும் என்றால் கிட்டவே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு எடுக்கிற யோசனை இருந்தால் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்ற பாடத்தின் உள்ளடக்கத்தை ஒருதரம் வாசித்துப் பார்.

அதற்கு முன் ஒரு வேலை செய். மாவட்ட வன அலுவலகத்துக்கு அதிபரின் கடிதத்தோடு போய், தேக்கந் தோட்டம் எங்காவது ஐதாக்குகிற, அதாவது நெருக்கம் குறைய இடையிடையே மரம் வெட்டுகிற காலத்தில் தூர நின்று பார்க்க விடுவார்களா என்று ரீச்சரையும் கூட்டிக்கொண்டு கேள். விட்டால் கொப்பியைக் கொண்டு போ. எந்த மரத்தை வெட்டினார்கள், எந்தப் பக்கம் விழுந்தது, வெளியே இழுக்கும்போது எந்த மரத்தின் பட்டை உரிந்தது என்று மூன்று நிரல் போட்டு எழுது. மூன்றாவது நிரலை வெறுமையாக விடாதே, அதைத்தான் நான் முதலில் வாசிப்பேன். எனக்கு ஒரு பிரதி அனுப்பு, அடுத்தடுத்த இதழில் போடுகிறேன்.